போட்டோ எடுத்தீங்களே, எங்கே?

பஸ்ஸில் கண்டக்டர் தர வேண்டிய பாக்கிச் சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டு, பேசாமல் இறங்கிப் போகிற ரகம் நான். கல்யாண வீட்டில் மொய் எழுதி, முதல் பந்தியில் சாப்பிட்டு, யாராவது "தம்பி பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்பதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். வேலை ஆடிட்டர் ஆபீஸில். எண்கள் யாரையும் குசலம் விசாரிப்பதில்லை, அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

"ஒரு கேமரா வாங்கிக்கிட்டு வெளிய கிளம்புய்யா, நாலு பேரோட பழக வரும்" என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் கூச்சப்படுகிறவன் கையில் கேமராவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒளிந்துகொள்வதற்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது. முகத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் பெட்டி, யாரிடமும் பேசாததற்குக் கையோடு ஒரு காரணம். வேறென்ன வேண்டும்?

ஆபீஸ் நண்பர் ஒருவர் விற்ற பழைய கேமராவையும், கூடவே வந்த 55-250 ஜூம் லென்ஸையும் எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது பள்ளிக்கரணைக்கு. சதுப்பு நிலம் (2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததே, அதேதான்), ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை மேடு, நடுவில் கூழைக்கடாவும் நாமக்கோழியும், சில வருடங்களில் பூநாரையும். வெகு நாள் அங்கேயே காலத்தை ஓட்டினேன். பறவை "எந்த சேனல் சார்?" என்று கேட்பதில்லை. அலுத்துப்போய்த் தெருப்பக்கம் திரும்பியபோதும் அதே ஜூம்தான். பாரிமுனையில் ஒரு ஓரமாக நின்று, எதிர்ப்பக்கத்தில் டீ குடிப்பவரை எடுப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் பக்கவாட்டு முகம், முதுகு, பின்மண்டை. படத்தில் இருந்த ஒருவர்கூட என்னைப் பார்த்திருக்கவில்லை. சி.ஐ.டி. எடுத்த படங்கள் என்று சொன்னால் நம்புவார்கள்.

இதற்கு என்னிடம் கௌரவமான சாக்கும் இருந்தது. விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி. சிகாகோவில் பணக்காரர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தவர், அவற்றை ஏறக்குறைய யாருக்குமே காட்டவில்லை. கிடங்கு வாடகை கட்டாததால் 2007-ல் அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2009-ல், புகழ் வருவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் வைத்திருந்தது ரோலிஃப்ளெக்ஸ். அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்காமலே வேலை முடிந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு அவர் குலதெய்வம்.

இன்னொரு பெயரும் தெருப் புகைப்படம் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் உடனே வரும்: ஆன்ரி கார்ட்டியே பிரெஸ்ஸோன். தன் லைக்கா கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியவர். அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அவருடைய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே லட்சியம்: தெருவோடு தெருவாகக் கரைந்து, யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு நழுவிவிட வேண்டும்.

பாரிஸில் முடியலாம். நம் ஊரில் கேமராவோடு ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "யாரைப்பா பாக்கணும்?" என்று ஒருவராவது கேட்காமல் போனால் அது தமிழ்நாடே இல்லை.

என்னை வெளியே இழுத்துப் போட்டது தைரியம் இல்லை, ஒரு லென்ஸ். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன் நடக்கும் ஏலத்தை எடுக்க ஆசைப்பட்டேன். அங்கே அந்த நேரத்தில் இருப்பது விளக்கு வெளிச்சம் மட்டும்தான். என் ஜூமை 250-க்கு இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, படம் முழுக்க ஆட்டம். விலை குறைவு, வெளிச்சம் நிறைய வாங்கும் என்று எல்லோரும் சொன்ன 50 எம்.எம். 1.8 லென்ஸை வாங்கினேன். ஜூமோடு ஒப்பிட்டால் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வாங்கும்போது யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு: அதில் ஜூம் கிடையாது. ஒருவரை இடுப்புக்கு மேல் எடுக்க, என் கேமராவில் 250-ஐ வைத்து முப்பது அடிக்கு அப்பால் நிற்கலாம். 50-ஐ வைத்தால் ஆறேழு அடிதான். முப்பது அடி தூரத்தில் இருப்பவர் காட்சி. ஆறடியில் இருப்பவர் ஆள். அவருக்கு உங்கள் முகம் தெரியும், நீங்கள் பல் துலக்காமல் வந்திருப்பதும் தெரியும். அங்கே நின்றுகொண்டு வணக்கம்கூடச் சொல்லாமல் படமெடுத்தால் அது திருட்டுக்குச் சமம்.

காசிமேட்டுக்குப் போயிராதவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊரே அங்கேதான் இருக்கும். லாஞ்சிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சங்கரா, வஞ்சிரம், கடமா, இறால். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் ஏலம் விடுகிறவர் கத்துகிற வேகத்தில் எனக்கு இன்றுவரை எண் பாதிதான் புரிகிறது (ஆடிட்டர் ஆபீஸ்காரன் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை). ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் காலடியில் ஓடும். மீனை முழுசாக வாங்கியவர்கள் அப்படியே வெட்டுகிறவர்களிடம் கொண்டுபோவார்கள். பெரிய குடைக்குக் கீழே வரிசையாக அருவாமனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள். சாம்பலில் ஒரு தோய்ப்பு, செதில் பறக்கிறது, இரண்டு இழுப்பில் செவுள் வெளியே வருகிறது, துண்டு போடும்போது கண்கள் மீனைப் பார்ப்பதே இல்லை. வாய் அடுத்த கிராக்கியோடு கூலி பேசிக்கொண்டிருக்கும். அந்த வரிசையில் ஒரு அக்காவுக்கு எதிரே ஆறடியில் போய் நின்றேன்.

"இன்னா தம்பி, டிவியா?"

"இல்லக்கா, சும்மாதான்."

"சும்மாவா? சும்மா எவனாவது இந்நேரத்துக்கு வந்து கவுச்சில நிப்பானா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வழக்கம்போல் நழுவப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "எடுக்கறதுன்னா எடு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. வரவன் போறவன்லாம் புட்ச்சினு போறான். ஒருத்தனாவது இந்தாக்கா உன் போட்டோன்னு குடுத்துக்கீறானா?"

எடுத்தேன். நல்ல படம். கையில் வஞ்சிரம், நெற்றியில் ஒட்டிய ஒரு செதில், என்னை நேராகப் பார்த்து ஒரு முறைப்பு. என் வட்டாரத்தில் நாலு பேருக்குக் காட்டினால் நாலு பேரும் பாராட்டுவார்கள், அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரம் காதிலேயே இருந்தது. பிரிண்ட் போட்டேன்.

பிரிண்ட் போடுவதில் இருக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பக்கத்து ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் இரண்டு காப்பி கேட்டேன். மாலையில் போய்க் கவரைப் பிரித்தால் அக்கா முகம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருக்கிறது. "கலர் கொஞ்சம் டல்லா இருந்துச்சு சார், நாங்களே கரெக்ட் பண்ணிட்டோம்" என்றார் கடைப் பையன், பெருமையாக. கேட்காமலே செய்கிறார்களாம். கல்யாண ஆல்பத்திலிருந்து பாஸ்போர்ட் போட்டோ வரைக்கும் எல்லோரையும் இரண்டு ஷேடு ஏற்றித்தான் கொடுப்பார்களாம், யாரும் புகார் சொன்னதில்லையாம். நான் என்னிக்குமில்லாத திருநாளாக ஒரு கடையில் நின்று விவாதம் செய்து, எடுத்தபடியே இன்னொரு காப்பி போட வைத்தேன். பாக்கிச் சில்லறை கேட்காதவன்!

ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். இங்கேதான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. முதல் தடவை ஒருவரைப் பார்க்கப் போகும்போது கேமரா துணைக்கு இருக்கிறது. ஏன் வந்தாய் என்று கேட்டால் அதைக் காட்டலாம். இரண்டாம் தடவை அந்தச் சலுகை கிடையாது. ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடி, "அக்கா, போன வாரம் எடுத்தேனே" என்று நீங்களே வாயைத் திறக்க வேண்டும். படமெடுப்பதற்கு நான் பட்ட கூச்சம் கால் பங்கு என்றால், கொடுப்பதற்குப் பட்டது முக்கால் பங்கு. பழகுவது என்று ஒன்று நடந்ததும் அந்த முக்கால் பங்கில்தான். கேமரா வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே கூப்பிட வைப்பது கையில் இருக்கிற பிரிண்ட்.

அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு, எங்க நாத்தனாரா?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. மற்றதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. படம் பக்கத்து அருவாமனைக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. திரும்பி வருவதற்குள் ஓரமெல்லாம் மீன் தண்ணீர். "லேமினேஷன் பண்ணியாந்து குட்த்தா இன்னா?" என்று திட்டு. அதிலிருந்து நான் காசிமேட்டுக்குக் கொண்டுபோவது எல்லாமே லேமினேட் செய்ததுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். இளசுகளுக்குப் போதும். அந்தப் பெண்களில் பல பேருடைய போன் மகனிடமோ பேத்தியிடமோ இருக்கிறது. அங்கே போன படம் அங்கேயே தங்கிவிடும். உடனே அச்சாகி வரும் இன்ஸ்டாக்ஸ் கேமராவும் யோசித்தேன். பாக்கெட்டுக்குப் பத்து படம்தான், அதுவும் உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ். தவிர, உடனே கொடுத்துவிட்டால் மறுபடி போக வேண்டியதில்லையே. எனக்கு வேண்டியது அந்த மறுபடிதான்.

எல்லா இடமும் இப்படிச் சிரிப்போடு முடியவில்லை. ராயபுரத்தில் ஒரு சந்தில், கோலம் போட்ட வாசலையும் பின்னால் இருந்த பச்சைச் சுவரையும் எடுத்தபோது ஒரு பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எந்த ஆபீஸ்? எதுக்கு வீட்டை எடுக்கறீங்க?" குரலில் கோபத்தைவிட பயம் அதிகம். எனக்கு முதலில் விளங்கவில்லை. யோசித்தால் தெரியும். குடிசைப் பகுதிகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோன ஊர் இது. பிழைப்பு இருக்கிற இடத்திலிருந்து பல கிலோமீட்டர். அதற்கு முன்னால் கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள், வீட்டைப் போட்டோ எடுப்பார்கள். நமக்கு அழகான சுவர், அவருக்கு நோட்டீஸ். அங்கே "கலைக்காகத்தான் ஐயா" என்று விளக்கம் சொல்லிப் பிரயோஜனமில்லை. எடுத்ததை அவருக்குக் காட்டி, அவர் முன்னாலேயே அழித்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சந்தில் இன்றுவரை நான் படமெடுத்ததில்லை. அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

புகைப்படக்காரர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். கடற்கரை மக்களோடு பேச வேண்டுமானால் மீன் வரும் காலத்தில் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். மீன் முட்டையிடும் காலம் என்று கிழக்குக் கரையில் விசைப்படகுகளை நிறுத்திவைப்பார்கள். ஃபைபர் படகுகள் போய்வரும், லாஞ்சுகள் எல்லாம் நெருக்கியடித்து ஓய்ந்து நிற்கும். படமெடுக்கப் பரபரப்பான காட்சி ஒன்றும் இருக்காது, அதனால் கேமராக்காரர்கள் ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் ஆட்கள் இருப்பார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டு, இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் தைத்துக்கொண்டு. கையில் வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். வருமானம் இல்லாத காலம், அரசாங்கம் தரும் நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும் என்ற பேச்சில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும்.

அப்படி வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாதான் என்னிடம் முதன்முதலாக ஆர்டர் கொடுத்தவர். அவரும் வலையும் பின்னால் படகும் சேர்ந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான் பெருமைப்பட்ட படம். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி, என்னைத் தனியா ஒண்ணு எடு. சட்டை போட்டுக்கினு வரேன். பின்னால ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார். எதற்கென்று கேட்டேன். "செவுத்துல மாட்டத்தான். எங்க அண்ணன் செத்தப்போ ரேஷன் கார்டுல இருந்த தலையைப் பெருசு பண்ணி மாட்டினானுங்க. அவன் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரில."

எத்தனை வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம்! மாலைக்கு நடுவே இருக்கும் முகம் ஏதோ கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்ததாக, ஓரத்தில் பக்கத்து ஆளின் தோள்பட்டையோடு இருக்கும். வேட்டி காயப்போட்டிருந்த கொடியில் ஒரு சாம்பல் போர்வையைத் தொங்கவிட்டு அவரை எடுத்தேன். எண்ணெய் தடவிச் சீவி, மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்தார். சிரிக்கச் சொன்னேன். "மாலை போட்ட படத்துல சிரிச்சா நல்லாவா இருக்கும்?" என்று மறுத்துவிட்டார். பெரிய சைஸில் பிரேம் போட்டுக் கொடுத்தேன். ஆள் இன்னும் திடமாக இருக்கிறார், படம் பரணில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு அந்தத் தெருவிலிருந்து இன்னும் சில பெரியவர்கள் வரிசை கட்டினார்கள். காட்சி, கோணம், ஒளி என்று நான் தலையில் ஏற்றி வைத்திருந்த எதுவும் அவர்களுக்கு வேண்டியதில்லை. முகம் தெளிவாக விழ வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமான வேலை அது, சொல்லிவிட்டேன்.

போட்டோ வாக் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சென்னையில் வார இறுதிகளில் குழுவாகக் கிளம்புகிறவர்கள் நிறைய. தொடங்குகிறவர்கள் தாராளமாகப் போகலாம், லென்ஸ் கடன் கிடைக்கும், முடிந்ததும் டிபன் சாப்பிடத் துணை கிடைக்கும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களோடு பழக அதைவிட நல்ல வழி இல்லை. முன்னால் இருப்பவர்களோடு பழக அது உதவாது. ஒரு பூக்காரப் பாட்டியைச் சுற்றி பதினைந்து லென்ஸ் நிற்கும்போது அவர் என்ன பேசுவார்? இதன் உச்சத்தைச் சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில் பார்க்கலாம். கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைக்கும்போது, அழுகிற முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸை நீட்டுவார்கள். அந்த அம்மா பெயர் என்ன, எந்த ஊர் என்று எடுத்தவருக்குத் தெரியாது. எனக்கு அதில் உடன்பாடில்லை, நான் போவதுமில்லை.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரைக்காரர் எம். பழனிக்குமார், மீன் விற்ற தன் அம்மாவைப் படமெடுத்தவர், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடங்களாகப் பதிவு செய்கிறவர், அவர்கள் பிள்ளைகளுக்கே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறவர். அவருடைய படங்களில் இருப்பவர்கள் லென்ஸைப் பார்க்கிற பார்வையிலேயே எடுத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். அந்தப் பார்வை ஒரு நாளில் கிடைக்காது, டேப் ஒட்டி மறைந்து நின்றால் கிடைக்கவே கிடைக்காது.

நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் இப்போதும் முதல் பந்திதான். ஆபீஸில் புதிதாக வந்த பையனிடம் இன்னும் பெயர் கேட்கவில்லை. காசிமேட்டில் மட்டும் எனக்கு "போட்டோ தம்பி" என்று பெயர், அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்தப் பெயரால் இப்போது ஒரு வம்பு வந்திருக்கிறது. மீன் வெட்டும் அக்காவின் பேத்திக்கு அடுத்த மாதம் மஞ்சள் நீராட்டு. "நீதான் வரணும், வேற எவனும் எம் பேத்தியை வெள்ளைக்காரி ஆக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மேடை, மைக்செட், முந்நூறு பேர், ஒவ்வொரு சீர்த்தட்டாக, ஒவ்வொரு மாமனாக, வரிசையாக நிறுத்தி "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று நான் கத்த வேண்டும். முடியாதுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தேதி சொல்லி, காசு எவ்வளவு என்றும் கேட்டுவிட்டார். காசு வேண்டாம், பிரியாணி போதும் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பிளாஷ் ஒன்று கடன் சொல்லி வைத்தாயிற்று. கவலை பந்தல்தான். தெருவை அடைத்துப் போடும் ஷாமியானா முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், பிளாஷை மேலே திருப்பி அடித்தால் அந்த நிறம் அப்படியே எல்லார் முகத்திலும் இறங்கும். நேராக அடித்தால் முகமெல்லாம் வெளுக்கும், அக்கா அருவாமனையோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை போய், மேலே மட்டுமாவது வெள்ளைத் துணி கட்ட முடியுமா என்று பந்தல்காரரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.